அதே மருந்தை எதற்கு மறுபடியும் ஏற்றுகிறார்கள்?

கேள்வி (சுருக்கப்பட்டது): ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அப்பாவுக்கு ஒரு வத்தை (சின்ன மீன்பிடிப் படகு) இருக்கிறது. அம்மாவுக்கு 56 வயது, சின்ன வயதிலிருந்தே கடலில் பாசி எடுக்கப் போகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் சினைப்பைப் புற்றுநோய் என்று மதுரையில் ஆபரேஷன் செய்து, கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்று ஆறு கீமோ கொடுத்தார்கள். சுத்தமாகிவிட்டது என்றும் சொன்னார்கள். 14 மாதம் கழித்து, இந்த நோய்க்கு ரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 அளவு ஏறியிருக்கிறது, ஸ்கேனிலும் தெரிகிறது. இப்போது மறுபடி அதே கார்போபிளாட்டின் என்கிறார்கள். மருந்துக்குப் பழகிப்போய்த்தானே நோய் திரும்பியது, அதையே கொடுத்து என்ன பிரயோஜனம்? ஜீன் டெஸ்ட் எடுக்கவும் சொல்கிறார்கள். தங்கச்சிக்கு எங்கள் மாமா மகனைப் பேசிவைத்திருக்கிறோம், இந்த நேரத்தில் அது தேவையா என்று அப்பா தயங்குகிறார். நல்ல செல்களைக் காப்பாற்ற கடல்பாசி கேப்ஸ்யூல், வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா? வீட்டில் மீன், நண்டு எதுவும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம், அது சரிதானா? நடுநடுவே அம்மா பாசிக்குப் போகலாமா?

பதில்:

தம்பி, உங்கள் டாக்டர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் முதலில் கார்போபிளாட்டினைத்தான் எடுப்பேன். ஏன் என்று அவர் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார், ஓ.பி.யில் வாசல் வரை ஆள் நிற்கும்போது யாராலும் முடியாது, நானும் அதே வேலையில்தான் இருக்கிறேன். இங்கே எனக்கு இடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கார்போபிளாட்டினின் நடுவில் உட்கார்ந்திருப்பது நகைக்கடையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களே, அதே பிளாட்டினம்தான். அது மருந்தானதே ஒரு தற்செயல். 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர், மின்சாரம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் போனார். பாக்டீரியா சாகவில்லை, ஆனால் இரண்டாகப் பிரியவும் இல்லை, சாதாரண நீளத்தைப் போல 300 மடங்கு வரை நூல் மாதிரி நீண்டுகொண்டே போனது. துருவிப் பார்த்தால் மின்சாரத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை, மின்முனையிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினம் செய்த வேலை. செல் பிரிவதை நிறுத்தும் பொருள் என்றால் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று தொடங்கி, 1978-ல் சிஸ்பிளாட்டின் அனுமதி பெற்றது. கார்போபிளாட்டின் அதற்குத் தம்பி முறை. அண்ணன் அளவுக்குச் சிறுநீரகத்தையும் காதையும் படுத்தாது, பதிலுக்கு ரத்தத்தில் பிளேட்லெட்டை, அதாவது ரத்தம் உறைய உதவும் துணுக்குகளை, இறக்கிவிடும்.

செல்லுக்குள் போனதும் இந்த பிளாட்டினம், இரண்டு இழை பின்னிய டிஎன்ஏவில் குவானின் என்ற எழுத்து இருக்கும் இடமாகத் தேடி ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும், முடிச்சு விழுந்த இடத்தில் டிஎன்ஏ வளைந்துபோகும். ரொம்பக் குறைவாக, நூற்றுக்கு ஒரு சில முடிச்சுகள் எதிரெதிர் இழைகள் இரண்டையுமே சேர்த்துக் கட்டிவிடும். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் விஷம் அதில்தான் அதிகம், ஏனென்றால் செல் பிரிவதற்கு முன்னால் டிஎன்ஏவைப் பிரதி எடுக்க வேண்டும், பிரதி எடுக்க இரண்டு இழையும் விலகியே ஆக வேண்டும், கட்டிப்போட்ட இடத்தில் எப்படி விலகும்?

மருந்தின் வேலை இதோடு முடிந்தது. எது புற்று, எது நல்ல செல் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அம்மாவின் எலும்பு மஜ்ஜையிலும் குடலிலும் சிறுநீரகத்திலும் அதே முடிச்சுகள்தான் விழுகின்றன. அப்புறம் யார் சாவது, யார் பிழைப்பது என்பதை அந்தந்த செல்லின் பழுதுபார்க்கும் கெட்டிக்காரத்தனம் முடிவு செய்கிறது. உங்கள் கேள்விகள் அத்தனைக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது, அதனால் இந்தப் பழுது வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம்.

கீமோவே ஏற்றாத உடம்பிலும் ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏவுக்கும் தினமும் ஆயிரக்கணக்கில், பல்லாயிரம் வரைகூட, சின்னச் சின்ன சேதம் நடந்துகொண்டே இருக்கிறது. மூச்சு விடுவதே ஒரு காரணம், வெயில் இன்னொன்று. அதற்கெல்லாம் செல்லுக்குள் நிரந்தரமாக ஆள் போட்டு வைத்திருக்கிறது. அந்த ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்ததற்காக 2015-ல் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் மூன்று பேருக்கும் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். நமக்கு இப்போது வேண்டியது சன்ஜார் ஆராய்ந்த வழி. டிஎன்ஏ எங்கே வளைந்திருக்கிறது என்று சில புரதங்கள் தடவிக்கொண்டே போகும், வளைவு கிடைத்ததும் அந்த இடத்தைத் திறந்து, முடிச்சுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி ஒரே இழையில் இரண்டு வெட்டு, 25 முதல் 30 எழுத்து உள்ள ஒரு துண்டு பிளாட்டினத்தோடு சேர்ந்து கழன்று வரும், எதிர் இழையைப் பார்த்து அந்த இடைவெளியை நிரப்பி ஒட்டிவிடும். ஒரு எழுத்துகூடத் தப்பாது. விந்தகப் புற்றுநோய் செல்களில் இந்த வெட்டும் புரதங்கள் குறைவாக இருக்கின்றன, அந்த நோய் உடம்பெல்லாம் பரவிய பிறகும் சிஸ்பிளாட்டினில் பெரும்பாலோர் குணமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு இழையும் சேர்ந்து கட்டுப்பட்ட இடத்தில் இந்த வழி செல்லாது, எதிர் இழையும் மாட்டிக்கொண்டிருப்பதால் பார்த்து எழுத ஒன்றும் இல்லை. அங்கே ஃபான்கோனி குழு என்று ஒரு பெரிய புரதக் கூட்டம் வந்து முடிச்சை வெட்டி விடுவிக்கிறது, வெட்டும்போது டிஎன்ஏ முழுசாகவே அறுந்துபோகும், அறுந்ததைப் பிழையில்லாமல் இணைக்க, பிரதியெடுத்த இன்னொரு டிஎன்ஏவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியின் மேஸ்திரிகள்தான் பி.ஆர்.சி.ஏ. ஒன்றும் இரண்டும். டாக்டர்கள் 'பிராக்கா' என்பார்கள், உங்களுக்கு எழுதிக்கொடுத்த ஜீன் டெஸ்ட் அதற்குத்தான். ஃபான்கோனி பெயரை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், தங்கச்சி கல்யாணப் பேச்சில் அது மறுபடி வரும்.

இது இரண்டும் பழுதுபார்ப்பது. மூன்றாவதாக ஒன்று உண்டு, இது பழுதுபார்ப்பதே இல்லை, சேதத்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளுவது. அப்பா வத்தையில் போகும்போது நடுக்கடலில் அடியில் பிளந்து தண்ணீர் ஏறினால் என்ன செய்வார்? அங்கேயே நிறுத்திப் பலகையா மாற்றுவார்? கைக்குக் கிடைத்த துணியைத் திணித்து, இறைத்து ஊற்றிக்கொண்டே கரைக்கு வந்து சேருவார், பலகை அப்புறம். பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் செல்லும் இதே முடிவைத்தான் எடுக்கிறது. டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் வழக்கமான நொதி ரொம்பக் கறாரான ஆசாமி, பிளாட்டினம் முடிச்சைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடும். அதிக நேரம் நின்றால் செல் செத்துவிடும். அப்போது அதை ஓரம் தள்ளிவிட்டு பாலிமரேஸ் ஈட்டா என்ற இன்னொரு நொதி வந்து உட்காரும். அதன் உள்வாய் கொஞ்சம் அகலம், முடிச்சுப்போட்ட இரண்டு குவானினையும் ஒன்றாகவே உள்ளே விட்டு, எதிரே அதற்கு ஜோடி எழுத்தான சைட்டோசின் இரண்டைச் சரியாகவே போட்டுவிட்டு இறங்கிக்கொள்ளும், தொடர்ந்து இழுத்துக்கொண்டு போக வேறொரு நொதி. முடிச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் செல் பிரிந்துவிட்டது. இந்த அகலவாய் நொதிகள் நல்ல டிஎன்ஏவில் வேலை செய்தால் தாறுமாறாகத் தப்பு விடும், அதனால் வேண்டும்போது மட்டும் கூப்பிட்டு உடனே அனுப்பிவிட வேண்டும். ஈட்டா இல்லாமலே பிறக்கிறவர்கள் இருக்கிறார்கள், வெயில் படும் இடமெல்லாம் அவர்களுக்குத் தோல் புற்றுநோய் வருகிறது. அதாவது இந்த ஒப்பேற்றும் வேலை நமக்கு நல்லதுதான், புற்று செல்லிலும் அதுவே நடப்பதுதான் வினை.

சரி, அம்மாவுக்கு ஏன் திரும்பி வந்தது? ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 100 கோடி செல் இருக்கும் என்று கணக்கு வைப்பார்கள். அத்தனையும் ஒரே மாதிரி இருக்காது. சினைப்பைப் புற்றில் பெரும்பாலும் வருகிற வகையில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த மேஸ்திரி வழி கெட்டுப்போயிருக்கும், அதனால்தான் முதல் முறை பிளாட்டினம் அவ்வளவு அழகாகக் கேட்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் நன்றாக வெட்டி ஒட்டத் தெரிந்தவை, முடிச்சோடு சமாளிக்கத் தெரிந்தவை, மருந்தை உள்ளே விடாதவை, அந்த நேரத்தில் பிரியாமல் சும்மா படுத்துக்கிடந்தவை என்று கொஞ்சம் இருக்கும். கீமோ போன பிறகு மிஞ்சுவது அவைதான், ஸ்கேனில் தெரியாத அளவு. பழகிப்போய்விட்டது என்று நீங்கள் நினைப்பதில் பாதி சரி, படுத்துக்கிடந்து தப்பித்தவை நிஜமாகவே தற்காலிகமாகத் தாக்குப்பிடித்தவைதான், எழுந்து பிரிய ஆரம்பித்தால் பழையபடி மருந்துக்குச் சாகும். உண்மையான வம்பு, கெட்டிருந்த பிராக்கா மரபணுவே இன்னொரு மாற்றத்தால் திரும்பச் சரியாகிவிடுகிற செல்கள். 2008-ல் முதன்முதலாக அதை வெளியிட்டார்கள், படித்தபோது எனக்கே கொஞ்சம் கசந்தது. மேஸ்திரி வேலைக்குத் திரும்பிவிட்டால் பிளாட்டினம் எடுபடாது.

எது நடந்திருக்கிறது என்பதற்கு நம்மிடம் இருக்கும் எளிய துப்பு, எவ்வளவு நாள் கழித்துத் திரும்பியது என்பது. ஆறு மாதத்துக்குள் வந்தால் மிஞ்சியவற்றில் பழுதுபார்க்கும் கூட்டம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் வேறு மருந்துக்குப் போவோம். அம்மாவுக்கு 14 மாதம். வளர்ந்து வந்திருப்பவற்றில் பெரும்பாலானவை இன்னும் பழுதுபார்க்கத் தெரியாதவையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இப்படி ஒரு வருடம் தாண்டித் திரும்புகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டாம் முறையும் பிளாட்டினத்தில் நோய் சுருங்குகிறது. அதனால்தான் அதே மருந்து. அதே சமயம் இதையும் சொல்லிவிடுகிறேன், திரும்பி வந்த பிறகு அடியோடு ஒழிப்பது கஷ்டம், அடக்கி வைத்து நல்ல மாதங்களை, முடிந்தால் வருடங்களை, சேர்ப்பதுதான் குறி. வீட்டில் இதை யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது சுற்றில் ஒரு விஷயத்தில் கண்ணாக இருங்கள். கார்போபிளாட்டின் ஒவ்வாமை முதல் முறை அபூர்வம், பெரும்பாலும் ஏழாவது எட்டாவது டோஸ் வாக்கில்தான் வரும். அம்மா ஆறு வாங்கியிருக்கிறார், அப்படியென்றால் இந்தச் சுற்றின் முதல் இரண்டு மூன்று தடவை. ட்ரிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை அரிக்கும், முகம் சிவக்கும், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும். நம் ஊர் அம்மாக்கள் 'கை லேசா அரிக்குது, இதப் போயி எதுக்குச் சொல்லிக்கிட்டு' என்று உட்கார்ந்திருப்பார்கள். உள்ளங்கை அரித்தால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று அவரிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

இப்போது நல்ல செல் கதைக்கு வருவோம். அவற்றுக்கும் அதே அடிதான், ஆனால் அவற்றிடம் எல்லாக் கருவியும் ஒழுங்காக இருக்கிறது, கூடவே பி53 என்று ஒரு காவல்காரர் இருக்கிறார், டிஎன்ஏ சேதமானால் பிரிவதை நிறுத்தி வைத்து, சரிசெய்த பிறகு விடுவார், சரிசெய்ய முடியாது என்றால் அந்த செல்லைத் தற்கொலை செய்ய வைத்துவிடுவார். மேலே சொன்ன, பெரும்பாலும் வருகிற வகைச் சினைப்பைப் புற்றில் அந்தக் காவல்காரர் கிட்டத்தட்ட எல்லோருக்குமே கெட்டுப்போயிருப்பார். இந்த வித்தியாசத்தில்தான் கீமோ என்ற வைத்தியமே நிற்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்பதும் இதனால்தான், ரெண்டாவது வாரம் போல வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கி, மூன்றாவது வாரம் மஜ்ஜை எழுந்துவிடும், புற்று செல் அவ்வளவு சீக்கிரம் எழாது என்ற கணக்கில் அடுத்த அடி. (போன முறை முடி கொட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் கார்போபிளாட்டின் இல்லை, பாக்லிடாக்செல். அது டிஎன்ஏவைத் தொடுவதே இல்லை, செல் பிரியும்போது இழுக்கிற நார்களை உறைய வைக்கும்.)

அந்த ரெண்டாவது வாரத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் பாலம் தாண்டிப் போக வேண்டியதுதான். ராமநாதபுரத்தில் எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி ரத்தம் பார்த்து ஊசி மருந்து ஏற்றுவார்கள், யார் வண்டி கிடைக்கும் என்பதை இப்போதே விசாரித்து, டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம், டைக்ளோஃபெனாக் வகையறா. கார்போபிளாட்டின் அளவை எடையைப் பார்த்து மட்டும் போடுவதில்லை, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் பார்த்துத்தான் போடுவார்கள். அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்தால் மருந்து வெளியேறாமல் தங்கி, மஜ்ஜையை இன்னும் அடிக்கும்.

கடல்பாசி கேப்ஸ்யூல் வேண்டாம். உங்கள் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான், தெரியும். கட்டக்கோரை மாதிரியான பழுப்புப் பாசிகளில் இருக்கும் ஃபுகாய்டன் என்ற பொருள் ஆய்வகத் தட்டில் புற்று செல்லைக் கொல்கிறது என்பது உண்மை. தட்டில் ஊற்றினால் புற்று செல்லைக் கொல்லும் பொருள்கள் உலகத்தில் எக்கச்சக்கம். அதே ஃபுகாய்டனுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணமும் உண்டு, கார்போபிளாட்டின் பிளேட்லெட்டை இறக்கி வைத்திருக்கும் நேரத்தில் அது யாருக்கு வேண்டும்? அயோடினும் எக்கச்சக்கமாக இருக்கும், தைராய்டைக் குழப்பும். ஆனால் நோன்பு நேரத்தில் கீழக்கரைப் பக்கம் பால் ஊற்றிச் செய்வார்களே, அந்தக் கடப்பாசி, அது தாராளமாகச் சாப்பிடட்டும், அது வெறும் அகர், ஒன்றும் செய்யாது, வாய்ப்புண்ணுக்குக் குளிர்ச்சியாக இறங்கும்.

வைட்டமின் ஏ, சி, ஈ என்று பெரிய டோஸ் மாத்திரைகளும் அப்படித்தான். நல்ல செல்லை மட்டும் தேடிப்போய்க் காக்கிற மாத்திரை கிடையாது, காத்தால் எல்லாவற்றையும் காக்கும். 2020-ல் வெளியான ஒரு மார்பகப் புற்றுநோய் ஆய்வில், கீமோவுக்கு முன்னும் கீமோவின் போதும் இந்த மாதிரி மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பியது சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனால் பயன் இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் இல்லாத ஒன்றுக்காக அந்தச் சந்தேகத்தை எதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டும்?

நீங்கள் எழுதியதிலேயே என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது மீன் விஷயம். நண்டு கரப்பான், இறால் கரப்பான், மீன் கவிச்சி என்று கடற்கரை வீட்டில் ஒருத்தருக்கு ரசம் சோறு போட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். மூன்று வாரத்துக்குள் ஒரு மஜ்ஜையே புதிதாக செல் கட்ட வேண்டும், எதை வைத்துக் கட்டும்? புதிதாக வந்த மீன், நன்றாக வேக வைத்தது, முட்டை, பருப்பு, எதுவும் தடையில்லை. முன்பே ஒவ்வாமை இல்லாவிட்டால் நண்டும் சரிதான். வாசனை குமட்டினால் அந்த மூன்று நாலு நாள் விட்டுவிட்டு அப்புறம் கொடுங்கள்.

ஜீன் டெஸ்ட் கட்டாயம் எடுங்கள், முதல் லாபம் அம்மாவுக்கே. இந்த வகைச் சினைப்பைப் புற்று வருகிறவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிராக்கா பிரதிகளில் ஒன்று பழுதோடு பிறந்தவர்கள். அவர்களுக்கென்றே ஒலாபரிப் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. டிஎன்ஏவில் ஒற்றை இழை கீறல்கள் தினமும் விழும், பார்ப் என்ற புரதம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து ஆளைக் கூப்பிட்டுவிட்டு எழுந்து போகும். மாத்திரை அதை எழவிடாமல் அங்கேயே ஒட்டிவிடும். பிரதி எடுக்க வரும் நொதி அதில் மோதி டிஎன்ஏ அறுந்துவிடும். அறுந்ததை இணைக்க பிராக்கா வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பழுது இருந்தாலும், மற்ற செல்களில் ஒரு நல்ல பிரதி இருக்கும், பிழைத்துக்கொள்ளும். புற்று செல் அந்த ஒன்றையும் தொலைத்துவிட்டது, அதனால் சாகும். 2005-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள், 2014 கடைசியில் அமெரிக்காவில் மருந்தாக வந்துவிட்டது. இந்த கீமோவில் நோய் சுருங்கினால் அதற்குப் பிறகு, அது மறுபடி தலைதூக்காமல் இருக்கக் கொடுப்பது. ரத்தசோகை வரும், மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும், வாய்ப்புண்ணுக்கு என்று மெடிக்கலில் ஃப்ளூகோனசோல் வாங்கிப் போட்டால் உடம்பில் இதன் அளவு ஏறிவிடும். விலை கூடுதல், முதலமைச்சர் காப்பீட்டில் எவ்வளவு தூரம் வரும் என்று காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், ஆபரேஷனில் எடுத்த கட்டியில் இந்தப் பழுது இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கலாம், அந்தத் துண்டை ஆஸ்பத்திரியில் மெழுகுக் கட்டியாக வைத்திருப்பார்கள்.

அப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. முதலில் அம்மாவுக்கு மட்டும் எடுங்கள், அவருக்கு இல்லை என்றால் உங்கள் யாருக்கும் பிராக்கா டெஸ்ட் தேவைப்படாது, பேச்சு அங்கேயே முடிந்தது. இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, உங்களுக்கும்தான். இருப்பதாலேயே புற்றுநோய் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பிராக்கா-1 இருக்கும் பெண்களில் 80 வயதுக்குள் மார்பகத்தில் நூற்றுக்கு 70 பேருக்கும், சினைப்பையில் 40-க்குச் சற்று மேலும் வருகிறது என்பது பெரிய ஆய்வுக் கணக்கு. பிராக்கா-2 என்றால் மார்பகம் கிட்டத்தட்ட அதே, சினைப்பை 17. தெரிந்தவர் என்ன செய்யலாம் என்றால், 25 வயதிலிருந்து வருடா வருடம் மார்பக எம்.ஆர்.ஐ., பிள்ளை பெற்று முடித்த பிறகு 35-லிருந்து 45-க்குள், எந்த மரபணு என்பதைப் பொறுத்து, சினைப்பையையும் குழாயையும் எடுத்துவிடுவது. அம்மாவுக்குத் தெரியாமல் போனது தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் பேசிவைத்திருப்பது மாமா மகன், அதனால்தான் இந்த டெஸ்ட் உங்கள் வீட்டுக்கு மற்றவர்களைவிட ஒரு படி அதிகம் தேவை என்கிறேன். அம்மாவுக்கு பிராக்கா-2 பழுது இருந்தால், கூடப்பிறந்த மாமாவுக்கு இருக்கப் பாதி வாய்ப்பு, அவர் மகனுக்குக் கால்வாசி. தங்கச்சிக்குப் பாதி. இரண்டு பேருக்கும் இருந்து, பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதான பிரதியே போய்விட்டால் அதுதான் ஃபான்கோனி ரத்தசோகை, ஸ்விட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி 1927-ல் விவரித்தது. மஜ்ஜை காய்ந்துபோகும், பிராக்கா-2 வகையில் சின்ன வயதிலேயே புற்றுநோயும் வரும். எல்லாவற்றையும் பெருக்கினால் நூற்றுக்கு மூன்று, பெரிய எண் இல்லை. ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் இல்லை என்றே ஆக்கிவிடலாம் என்னும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏன் போக வேண்டும்? இருவரில் ஒருவருக்கு இல்லை என்று வந்தாலே இந்தப் பயம் போய்விடும், கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. இருவருக்கும் இருந்தாலும் கருவிலேயே பார்க்கும் வழிகள் உண்டு.

ஒரு நிபந்தனை. தங்கச்சியின் ரத்தத்தை எடுப்பதா வேண்டாமா என்பதை தங்கச்சிதான் சொல்ல வேண்டும். நீங்களோ அப்பாவோ மாமாவோ இல்லை. ரிசல்ட் அவர் கைக்குத்தான் வர வேண்டும், டாக்டர் யாரிடமும் சொல்ல மாட்டார், நீங்களும் ஜமாத்து, சர்ச்சு, தெருமுனை என்று எங்கேயும் பேச வேண்டாம். ரிப்போர்ட்டில் 'அர்த்தம் நிச்சயமாகாத மாற்றம்' என்று வந்தால் அது பழுது என்று பொருளில்லை, அதை வைத்து யாரும் எதையும் வெட்டவோ முறிக்கவோ கூடாது.

கடைசியாகப் பாசி. சிகிச்சை முடியும் வரை கடலில் இறங்க வேண்டாம். பார் (கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு) மேல் நடக்கும்போது காலிலும், பாசியைப் பிய்க்கும்போது விரலிலும் கீறாத நாள் இருக்காது, துணி சுற்றிக்கொண்டு போனாலும்தான். பாக்லிடாக்செல் வாங்கியவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், செருப்பு கழன்றதே தெரியவில்லை என்பார். கீறியதும் தெரியாது, வெள்ளை அணு இல்லாத நேரத்தில் கடல் தண்ணீர்க் கிருமி அந்தக் கீறல் வழியே ரத்தத்தில் ஏறினால் ஒரே நாளில் நிலைமை கைமீறிவிடும். மரமரப்பு இன்னும் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த முறை கார்போபிளாட்டினோடு பாக்லிடாக்செல்லுக்குப் பதில் வேறு கூட்டு மருந்து போட முடியும். வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், மூன்றாவது வாரத்தில் ரத்த அளவு ஏறிவிட்டது என்று ரிப்போர்ட் வந்த பிறகு, கரையில் நிழலில் உட்கார்ந்து, காய்ந்த பாசியில் கல்லும் சிப்பியும் பொறுக்கட்டும், கையுறை போட்டுக்கொண்டு.